சொர்ணவல்லி பேரில் ஓடும் கடன்

"வல்லிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேங்க" என்று பிரகதீஸ்வரி சொன்னபோது, விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் சொர்ணவல்லி நினைத்தாள்.

கீரமங்கலத்தில் திங்கட்கிழமை காலைதோறும் அவர்களுடைய கடன் குழு கூடும். எல்லாரும் எழுந்து நின்று, "ஒருவர் கஷ்டத்தில் மற்றவர் துணை நிற்போம்" என்று உறுதிமொழி சொன்ன பிறகுதான் வசூலே ஆரம்பிக்கும். அன்றைக்கு எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவள் பிரகதீஸ்வரி என்கிற இந்த ஈஸ்வரிதான். சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் இந்த வேலை!

வல்லி வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். சின்ன கிரைண்டர், மாவு தீர்ந்துபோச்சு என்று ஆட்களைத் திருப்பி அனுப்பியே அலுத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு ஹோட்டல்காரர், பெரிய கிரைண்டர் போட்டால் தினமும் மாவு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதற்குத்தான் இந்தக் கடன். குழுவில் ஒருத்தி ஜாமீன் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாலும் கிடைக்காது.

"ஏன்க்கா, என்னாச்சு?" என்றார் வசூலுக்கு வந்த ஆனந்தராஜ்.

"அவளுக்கு ஏற்கனவே ஒரு கடன் ஓடுதுல்ல தம்பி. ரெண்டையும் எப்படிக் கட்டுவா? நாளைக்கி எங்க தலையிலதான விடியும்?"

அடிப்பாவி! ஓடுகிற கடன் யாருடையது? போன வருஷம், தன் பேரில் இருக்கிற கடன் பாதிகூட அடையாததால் இன்னொன்று தர மாட்டேன் என்கிறார்கள், பூக்கடைக்கு வந்த இடம் கைநழுவிப் போகிறது என்று வல்லி வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதவள் இவள்தானே? "ஒன் பேர்ல எடுத்துக் குடுடி, நான் கட்டிருறேன்" என்று கையைப் பிடித்தாளே! பேர் ஒருத்திக்கு, பணம் இன்னொருத்திக்கு என்பது குழுக்களில் நடக்கிற கூத்துதான். வல்லியும் மனசு கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். அந்தத் தவணையை இன்றுவரை ஈஸ்வரிதான் கட்டுகிறாள்; பாதிக்குமேல் அடைந்தும்விட்டது.

உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் ஆள்மாற்றிக் கடன் வாங்கியவள் என்று வல்லியைத்தான் முதலில் குழுவைவிட்டுத் தள்ளுவார்கள். விஷயம் தெரிந்த மற்ற பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்காவது வாய் இருக்க வேண்டுமே!

ஆனந்தராஜ் வல்லியின் மனுவை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். "ஈஸ்வரி அக்கா, ஒங்க பழைய கடன் முடிஞ்சிருச்சு. பெரிய கிரைண்டர் வாங்கன்னு கேட்டிருக்கீங்க, சரியா?"

வல்லி வெடுக்கென்று ஈஸ்வரி பக்கம் திரும்பினாள்.

"எனக்குப் பேசினதுடி அந்த ஹோட்டல் ஆர்டரு!"

"பூ சாயங்காலத்துக்குள்ள வாடிப்போகுதுடி. மாவுலதான் நல்ல காசுன்னு நீதான சொன்ன? அவருகிட்ட நானும் பேசிட்டேன்."

மற்றவர்கள் கையெழுத்துப் போட்டு, தாள் வல்லியிடம் வந்தது. அவள் பேனாவைத் தொடவில்லை. ஈஸ்வரி பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, காதோடு சொன்னாள்.

"போடுடி. ஒன் பேர்ல ஓடுறத நான்தான கட்டிக்கிட்டு இருக்கேன். நிறுத்திட்டா ஒனக்குத்தான அசிங்கம்?"

கூடப்பிறந்தவளாக நினைத்திருந்தாளே இவளை! வல்லி பேனாவை எடுத்தாள். போட்டுக் கொடுத்தாள்.

கூட்டம் கலைந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஈஸ்வரி ஒன்றுமே நடக்காத மாதிரிக் கேட்டாள்: "ஏன்டி வல்லி, நீ உளுந்து எங்கிட்டு வாங்குற?"

"கடனுக்கு என் பேர எடுத்துக்கிட்ட. என் பொழப்ப எடுத்துக்கிட்ட. கையெழுத்தும் வாங்கிட்ட. உளுந்தையாவது நீயே தேடிக்கடி!"

தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டுத்தான் வந்தாள். ஆனாலும் வீடு வந்து சேருகிற வரைக்கும் அழுகை நிற்கவில்லை.