மச்சான் கொடுத்த நற்சான்று

உனாய்சி விண்ணப்பம் போட்டதை மறைத்து வைக்கத்தான் பார்த்தாள். ஆனால் அவள் வேலை பார்த்தது சுவா நகரத்தில், வாலு பே துறைமுகத்தை ஒட்டி, வெளித்தீவுகளுக்குச் சரக்குக் கப்பல் விடும் கம்பெனியில்; அங்கே ஒரு ரகசியம் காலை டீ வரைகூடத் தாங்காது. பிரிஸ்பேனில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படிப்பு. இரண்டு வருடம், செலவெல்லாம் அவர்களுடையது. பசிபிக் தீவுகளில் வேலை பார்ப்பவர்களுக்கென்று ஒதுக்கியதில் ஃபிஜிக்கு ஒரே ஓர் இடம். விண்ணப்பிப்பவருக்கு முப்பத்தைந்து வயது ஆகியிருக்கக் கூடாது. உனாய்சிக்கு நவம்பரில் முப்பத்தைந்து. இந்த வருடம் விட்டால் விட்டதுதான்.

அவள் சரக்குப் பதிவுப் பிரிவில் சேர்ந்து பல வருடம் ஆகிறது. மேலே ஒரு நாற்காலி காலியாகும்போதெல்லாம் ஆக்லாந்திலிருந்தோ சிட்னியிலிருந்தோ யாராவது அந்தப் பட்டத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். "நீ இல்லாட்டி இந்த ஆபீஸ் நடக்காது" என்று உனாய்சியிடம் சொல்லுவார்கள், அதோடு சரி. கேட்டுக் கேட்டு அவளுக்குப் புளித்துப் போயிருந்தது. படிக்க வேண்டும் என்ற ஆசையில் பாதி வயிற்றெரிச்சல்தான், அதை அவளே ஒப்புக்கொள்வாள்.

நுழைவுத் தேர்வை எழுதிவிட்டாள். கட்டுரைதான் உயிரை வாங்கியது. உன் சாதனைகளைச் சொல், நீ எப்படித் தலைமை தாங்கினாய் என்று சொல் என்று கேட்டிருந்தார்கள். சுவாவின் ராய்வாங்கா குடியிருப்பில் வளர்ந்த பெண் தன்னைத் தானே மெச்சிக்கொண்டு இரண்டு பக்கம் எழுதுவதாவது! எழுதி முடித்துவிட்டு, துணி மாற்றும்போது யாரோ பார்த்துவிட்ட மாதிரி கூசிப்போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கணினியில் முகம் பார்த்து நடந்த நேர்காணலும் நல்லபடியாக முடிந்தது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அவளுக்கு நற்சான்று கொடுத்த மேலதிகாரியோடு அவர்கள் போனில் பேசுவார்கள்.

அந்த மேலதிகாரி இசிரேலி. பிரிவுத் தலைவன், உனாய்சிக்கு அம்மாவின் அண்ணன் மகன், சொந்த மச்சான். மச்சானும் மச்சினியும் ஒருவரை ஒருவர் மட்டம் தட்டாமல் ஒரு நாள் பேசினார்கள் என்றால் வீட்டில் ஏதோ துக்கம் என்று அர்த்தம். எவ்வளவு கேவலமாகச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுக்க வேண்டும். கோபப்பட்டவர் தோற்றவர். முகத்துக்கு நேரே புகழ்ந்துவிட்டால் அதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை. அந்நிய ஆளிடம் பேசுகிற மாதிரி ஆகிவிடும். இந்த ஆட்டத்தில் சுவாவிலேயே இசிரேலிக்கு நிகர் கிடையாது என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

போன் வந்தபோது உனாய்சி எழுந்து வெளியே போகத்தான் பார்த்தாள்.

"எங்க போற? உக்காரு. உன் கதையைத்தானே பேசப் போறாங்க, நீயும் கேளு" என்றான் இசிரேலி. போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான். அந்த அறையில் யாரும் தனியாகப் போன் பேசியதே இல்லை. பக்கத்து மேசைக்காரர்களும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். உனாய்சியும் உட்கார்ந்துவிட்டாள். கேட்கும் ஆசை அவளுக்கும் இருந்தது.

மறுமுனையில் ஃபிலிப்பா என்ற பெண். இனிமையான குரல். எத்தனை வருடமாகத் தெரியும், என்ன பொறுப்பில் இருக்கிறார் என்று வரிசையாகக் கேட்டாள். இசிரேலி ஒழுங்காகப் பதில் சொன்னான். பிறகு அவள், "எல்லாருக்கும் ஏதாவது குறை இருக்குமில்லையா? உனாய்சிகிட்ட நீங்க பார்த்த குறை என்ன?" என்று கேட்டாள்.

இசிரேலி உனாய்சியைப் பார்த்தான். அவன் மீசை துடித்தது.

"குறையா? எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியலியேம்மா. உங்களுக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கா?"

அறை குலுங்கியது. ஃபிலிப்பாவும் சிரித்தாள்.

"மத்தியானம் ஆச்சுன்னா கிடங்குல மாவு மூட்டை மேல ஏறிப் படுத்துடுவா. மேடத்தைத் தேடணும்னா குறட்டைச் சத்தம் வர்ற பக்கம் போனாப் போதும். அப்புறம், லாவ் தீவுலேர்ந்து எந்தக் கப்பல் வந்தாலும் சரி, கிழங்குல ஒரு கட்டு குறையும். ஆளுங்க அதைப் பத்தி எங்கிட்ட கேக்கறதே இல்ல. நேரா இவ வீட்டு அடுப்படிக்குப் போயிடறாங்க."

"பொய்! அந்தக் கிழங்கு இவன் வீட்டுக்குத்தான் போகுது! இவன் தொப்பையைப் பாருங்க!" என்று உனாய்சி கத்தினாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரிக்காமல் இருக்க முடியுமா என்ன?

"அவங்களும் அங்கதான் இருக்காங்களா?" என்று ஃபிலிப்பா கேட்டாள். பிறகு நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"அந்தம்மா நல்ல மாதிரி. நம்மளோட நல்லா ஒட்டிக்கிச்சு. உனக்குச் சீட்டு உறுதி" என்றான் இசிரேலி. உனாய்சியும் அப்படித்தான் நினைத்தாள்.

மாதக் கடைசியில் பதில் வந்தது. வருந்துகிறோம் என்று இரண்டு வரி. உனாய்சி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். தேர்வில் நல்ல மதிப்பெண், நேர்காணலில் அவர்களே பாராட்டினார்கள், பிறகு எங்கே இடித்தது? வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கப்பல்துறைப் பக்கம் போய் நின்றுகொண்டு ஃபிலிப்பாவுக்கே போன் போட்டாள்.

ஃபிலிப்பா தயங்கித் தயங்கித்தான் பேசினாள். "நீங்க கேக்கறதால சொல்றேன். உங்க மேலதிகாரி எழுத்துல கொடுத்தது ஒண்ணு, போன்ல சொன்னது வேற. எழுத்துல, இந்தக் கம்பெனியையே நடத்த வேண்டியவங்க நீங்கதான்னு எழுதியிருந்தார். போன்ல, வேலை நேரத்துல தூங்கறீங்க, சரக்கு காணாமப் போகுதுன்னு சொன்னார். சரக்கு காணாமப் போறதுன்னா அது நாணயம் சம்பந்தப்பட்ட விஷயம். குழு அதை ஒதுக்க முடியாது."

உனாய்சி குறுக்கே புகுந்தாள். "அது விளையாட்டு. அவன் என் மாமா பையன். நாங்க அப்படித்தான் பேசுவோம்."

"சொந்தக்காரரா?" ஃபிலிப்பாவின் குரல் இன்னும் இறங்கியது. "அது இன்னும் சிக்கலாச்சே. இனிமே அவர் வந்து என்ன சொன்னாலும் குழு எடுத்துக்காது. ஒரே வழிதான் இருக்கு. அவர் சொன்னது உண்மை இல்லைன்னு உங்க கம்பெனிப் பொது மேலாளர் விசாரிச்சு எங்களுக்கு எழுதணும். திங்கக்கிழமை மத்தியானத்துக்குள்ள வந்துட்டா மறுபடி பரிசீலிக்கலாம். அதுக்கு மேல அந்த இடம் வேற ஒருத்தருக்குப் போயிடும்."

உனாய்சி போனை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். இசிரேலி தன்னைப் பற்றி அப்படி எழுதியிருக்கிறான்! பக்கத்தில் அவள் இல்லாத நேரத்தில், யாரும் பார்க்காத இடத்தில், அவனால் அப்படி எழுத முடிந்திருக்கிறது. அன்றைக்கு அவள் மட்டும் எழுந்து வெளியே போயிருந்தால் போனிலும் அதையேதான் சொல்லியிருப்பான். உட்கார்ந்து சிரித்ததும் அவள்தானே.

அன்று மாலை இசிரேலியிடம் சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவன் முதலில் ஏதோ கிண்டல் என்று நினைத்துச் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். அந்தப் பெரிய உடம்பு அப்படியே நாற்காலிக்குள் சுருங்கிவிட்டது.

"நான் இப்பவே அந்தம்மாவுக்குப் போன் பண்றேன்."

"நீ என்ன சொன்னாலும் எடுபடாதாம்."

"ஐயோ, என் வாயில மண்ணு விழ" என்றான்.

மிச்சம் இருந்த அந்த ஒரே வழியையும் திங்கட்கிழமைக் கெடுவையும் மட்டும் அவள் சொல்லவில்லை. அவள் முடிவு எடுத்துவிட்டிருந்தாள். திங்கள் காலையில் பொது மேலாளரிடம் நேராகப் போய் நடந்ததைச் சொல்லுவாள். அவர் கறாரான ஆள். கம்பெனி பெயரில் பொய் சொன்னதற்கு இசிரேலியைச் சும்மா விடமாட்டார். பிரிவுத் தலைவர் பதவி போனாலும் போகலாம். போகட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததில் அவளுக்கு வெட்கம்தான். ஆனால் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தன்னைப் பற்றி மட்டும் யோசித்தால் என்ன? அவன் முதுகுக்குப் பின்னால் போகப்போவதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிச்சல் வரவில்லை, அவ்வளவுதான். பெற்றவர்களிடமும் மூச்சு விடவில்லை. சனிக்கிழமை முழுவதும் மேலாளரிடம் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே மரவள்ளிக்கிழங்கு சீவினாள்.

சாயங்காலம் வாசலில் ஆள் அரவம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். மாமா வந்திருந்தார். புதுச் சுலு வேட்டி கட்டி, தலை குனிந்து, குடும்பத்துப் பெரியவர்கள் இரண்டு பேரோடு. கடைசியில் இசிரேலி, கையில், இடித்துக் கரைத்துக் குடிக்கும் கவா வேர் ஒரு கட்டோடு. மாமா கையில் திமிங்கலப் பல், பின்னிய கயிற்றோடு, வருடக்கணக்கில் எண்ணெய் ஏறிச் சிவந்து போனது. அதைப் பார்த்ததுமே எதற்கு வந்திருக்கிறார்கள் என்று உனாய்சிக்குப் புரிந்தது. சாதாரணத் தப்புக்கு மன்னிப்புக் கேட்க யாரும் அதை வெளியே எடுப்பதில்லை.

அப்பா பாயில் வந்து உட்கார்ந்தார். அம்மாவும் உனாய்சியும் பின்னால், சுவரோரம். மாமா வாசலை விட்டு உள்ளே வரவே இல்லை. அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்து, பல்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பேசினார்.

"எங்க வீட்டுப் புள்ள வாய்க்கொழுப்புல உங்க வீட்டுப் பொண்ணோட வழியை அடைச்சிட்டான். எங்களுக்கு நிமிர்ந்து பார்க்க முகம் இல்ல. இதை ஏத்துக்கிட்டு, நடந்ததை மண்ணுல போட்டு மூடிடணும். மூடலைன்னா, கழுத்தை நீட்டிக்கிட்டு இங்கேயே கிடப்போம்."

கூடப்பிறந்த அண்ணன் தன் வீட்டு வாசலில் இப்படிக் கிடப்பதைப் பார்த்து அம்மா சத்தமில்லாமல் அழுதாள். உனாய்சி அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பல்லை வாங்கிவிட்டால் விஷயம் புதைக்கப்பட்டுவிடும். பிறகு அதைத் தோண்டக் கூடாது. எந்த அலுவலகத்திலும், எந்த மேலாளரிடமும். தோண்டினால் வாக்குக் கொடுத்த அப்பாவை ஊர் நடுவே அறைந்த மாதிரி. அப்பா, இரண்டு நாள் பொறுங்கள், திங்கட்கிழமை மத்தியானம் தாண்டட்டும் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பெண்கள் பேசும் நேரம் இல்லை அது. பேசியிருந்தாலும், மண்டியிட்டு இருப்பவர்களை இரண்டு நாள் வாசலில் காக்க வைப்பது எப்படி?

அப்பா அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய தேவை என்ன என்று அவருக்கு எப்படித் தெரியும்? நல்ல மனிதர். மச்சான் மண்டியிட்டிருப்பதைச் சகிக்காமல் சீக்கிரமாகவே கையை நீட்டிவிட்டார். பல்லை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

"ஏத்துக்கிட்டேன். மூடியாச்சு. என் வீட்டுல இனிமே இதைப் பத்தி யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. என் பொண்ணும்தான். உள்ள வாங்க, மச்சான்."

வழக்கப்படி எல்லோரும் குவிந்த கையால் மெதுவாகத் தட்டினார்கள். உனாய்சியும் தட்டினாள். போனில் அவன் பேசிய பேச்சுக்கு அவளுக்கு இப்போதுகூடக் கோபம் இல்லை. இந்த மன்னிப்புதான் நெஞ்சை எரித்தது. நல்லது செய்கிறேன் என்று வந்து, இருந்த ஒரே கதவையும் இழுத்துச் சாத்திவிட்டார்கள். யாரை நோவது?

கவா இடித்துக் கரைத்தார்கள். கிண்ணம் சுற்ற ஆரம்பித்ததும் வீடு லேசாகிவிட்டது. மாமாவும் அப்பாவும் ஒருவர் வழுக்கையை ஒருவர் கேலி செய்துகொண்டிருந்தார்கள். அம்மா மீன் வறுக்க எழுந்து போனாள். இசிரேலி மட்டும் யாரோடும் சேராமல், மெல்ல நகர்ந்து வந்து உனாய்சி பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் கண் சிவந்திருந்தது.

"உனாய்சி" என்றான். அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. "என்னை ஒரு தடவை நல்லாத் திட்டிடு. அடிச்சாலும் பட்டுக்கிறேன். உனக்காக நான் ஏதாவது செய்யணும்னா சொல்லு. என்னவா இருந்தாலும் செய்யறேன்."

செய்வான். திங்கள் காலையில் என்னோடு மேலாளர் அறைக்கு வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதவி போனாலும் போகட்டும் என்று முன்னால் நடந்து போவான். அது அவளுக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

எதிரே அப்பா, மடியில் அந்தப் பல்லை வைத்துக்கொண்டு மாமாவோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குத் திட்டணும், மச்சான்?" என்றாள் உனாய்சி. "என்ன நடந்துச்சு?"

இசிரேலி ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு அந்தப் பெரிய முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு, பாரம் இறங்கிய நிம்மதியில், விம்மி விம்மி அழுதான். உனாய்சி அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.