விக்கன்ஹோல்ட் ஆலயத்தைக் காப்பாற்றிய விதம்

விக்கன்ஹோல்ட் ஊரில் ஆலயத்தின் மேல் உயிரை வைக்காத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. எழுநூறு வருஷக் கட்டடம். அதன் கோபுரம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் இருக்கிறது, பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது, 'கலப்பை' மதுக்கடையின் பலகையிலும் இருக்கிறது. கூரையின் ஈயத்தகட்டை எவனாவது திருடிக்கொண்டு போனால் ஊருக்கே தூக்கம் வராது. அப்பேர்ப்பட்ட பாசம். அதில் ஒரே ஒரு சின்னக் குறை, ஞாயிற்றுக்கிழமை யாரும் உள்ளே போகமாட்டார்கள்.

போகிறவர்கள் மூன்று பேர். ஆலயப் பொறுப்பாளர் வில்ஃப்ரெட் மாப்ஸ், காது மந்தமான பிம் சகோதரிகள் இருவர். அவர்களுடைய நாயையும் சேர்த்தால் நாலு. ஏழு ஊர் ஆலயங்களை ஒண்டியாகக் கட்டி மேய்க்கிற ஆயரம்மா பிலிப்பா மூச்சிரைக்க வந்து பிரசங்கம் செய்வார். நாய் மட்டும் கவனமாகக் கேட்கும்.

வில்ஃப்ரெட்டுக்குப் பாரம்பரியம், கல்வேலைப்பாடு எல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பழங்கால ஓக் மரம் என்று வெளியூர்க்காரர்கள் தடவித் தடவிப் பார்க்கிற இருக்கையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், உட்கார்ந்தால் முதுகு வலிக்கும் என்பதுதான். அவருக்கு வேண்டியது ஒரு முழங்கால் மெத்தை. செத்துப்போன அவர் மனைவி ஈனிட் தைத்தது. மேலே நாரைப் படம் என்று தொடங்கினாள், வாத்தாக முடிந்தது. ஊரே சிரித்தது. அந்த வாத்தின் மேல் மண்டியிட்டு ஞாயிறுதோறும் ஜெபம் செய்கிற நேரம் மட்டும்தான் அவருக்கு அவள் பக்கத்தில் இருப்பதுபோல இருக்கும். அது போய்விட்டால் அவருக்கு வேறொன்றும் இல்லை.

அதற்குத்தான் ஆபத்து வந்தது.

"பேராயர் அலுவலகத்திலேருந்து ஆள் வர்றார் வில்ஃப்ரெட்," என்றார் ஆயரம்மா. "அறுப்பின் பண்டிகை அன்னிக்கு. சபைன்னு ஒண்ணு இருக்கான்னு பாக்கணுமாம். இதே கூட்டம்தான்னா ஆராதனையை நிறுத்திடுவாங்க."

"நாயைக் கணக்குல எடுத்துக்கமாட்டாங்களா?"

"ஞானஸ்நானம் வாங்கியிருந்தா பேசிப் பாக்கலாம்," என்றார் ஆயரம்மா, சிரிக்காமல்.

அன்று மாலையே வில்ஃப்ரெட் 'கலப்பை'க்குப் போய் விஷயத்தைச் சொன்னார். கடை கொந்தளித்தது. மணியடிப்போர் குழுத் தலைவன் நார்மன் கூச், வில்ஃப்ரெட்டோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், கோப்பையை மேசையில் ஓங்கி வைத்தான்.

"நம்ம கோயிலை மூட இவனுங்க யாரு? எங்க தாத்தா அடிச்ச மணிடா அது."

"அப்போ ஞாயித்துக்கிழமை வந்து உக்காருடா."

ஆளாளுக்குத் தங்கள் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"உக்கார்றதுன்னா... உள்ளேயா?" என்றான் நார்மன்.

"வேற எங்க, கூரை மேலயா?"

நார்மன் முகத்தில் உண்மையான வேதனை தெரிந்தது. "நான் அதெல்லாம் நம்புறவன் இல்லையேடா. நம்பிக்கை இல்லாம வந்து உக்காந்தா அது பொய் வேஷம். கோயிலுக்கே அவமானம். நான் மணி அடிக்கிறேன். இதுவரைக்கும் கேட்டிருக்காத மாதிரி அடிக்கிறேன்."

பாரம்பரியக் குழுத் தலைவி டாஃப்னி கேட்ச்போல் கையைத் தூக்கினாள். "தேநீர்ப் பந்தல் என் பொறுப்பு. வில்ஃப்ரெட், நீங்க கவலையே படாதீங்க. ஊரே உங்க பின்னாடி நிக்கும்."

"பின்னாடி வேண்டாம்மா. உள்ள உக்காந்தாப் போதும்."

அதை யாரும் காதில் வாங்கவில்லை. ஒருவர் கல்லறைத் தோட்டத்துப் புல் வெட்ட முன்வந்தார், ஒருவர் கார் நிறுத்த வழிகாட்ட, ஒருவர் பூசணிக்காய் அடுக்க. ஊர் கூடித் தேர் இழுக்கலாம் என்பார்கள். இங்கே தேருக்குப் பந்தல் போட்டார்கள், பந்தலுக்குத் தோரணம் கட்டினார்கள், வடத்தில் கை வைக்க மட்டும் எல்லோருக்கும் மனசாட்சி உறுத்தியது.

அறுப்பின் பண்டிகை வந்தது. நார்மன் சொன்ன சொல் தவறவில்லை, மணியோசை பக்கத்து ஊர் மாடுகளைக்கூட எழுப்பியது. ஆராதனை தொடங்கியதும் மணிக்காரர்கள் வழக்கம்போலக் கோபுரத்தின் பின்வாசல் வழியாக 'கலப்பை'க்கு நடையைக் கட்டினார்கள். அது அவர்கள் பரம்பரை வழக்கம். வெளியே ஊரே திரண்டிருந்தது. கேக் வெட்டினார்கள், கார்களுக்குக் கை காட்டினார்கள். உள்ளே மலைபோல் பூசணிக்காய், வில்ஃப்ரெட், பிம் சகோதரிகள், நாய். பேராயரின் ஆள் முன் வரிசையில் உட்கார்ந்து நாயோடு சேர்ந்து பிரசங்கம் கேட்டார்.

முடிந்ததும் வில்ஃப்ரெட்டின் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த மாதிரி ஆலயத்து மேல அன்பு வெச்ச ஊரை நான் பாத்ததே இல்லைங்க."

"அப்போ ஆராதனை நடக்குமா?"

"ஆராதனைக்குத்தான் ஆள் இல்லையே," என்றார் அவர், மிகுந்த அன்போடு.

ஆராதனை நின்றது. ஆலயம் ஒரு பாரம்பரியக் காப்புச் சங்கத்தின் கைக்கும், அதன் சாவி டாஃப்னியின் கைக்கும் போனது. ஊர் அதைக் கொண்டாடியது. காப்பாற்றிவிட்டோமாம். 'கலப்பை'யில் வில்ஃப்ரெட்டின் முதுகில் தட்டாத ஆள் இல்லை. அவர் குடித்துக்கொண்டிருந்த கோப்பையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் அழுதார்.

அதற்கப்புறம் ஆலயம் நிரம்பி வழிந்தது. கச்சேரி, ஒயின் ருசி பார்க்கும் விழா, பழங்காலக் கிராமத்தாரின் பக்தி வாழ்வு பற்றிய சொற்பொழிவு. மரப்பலகையில் முதுகு வலிக்க உட்கார்ந்து கேட்டார்கள். பக்தியைப் பற்றித்தானே, பக்தி இல்லையே, அதனால் மனசாட்சி உறுத்தவில்லை.

ஒரு ஞாயிறு வில்ஃப்ரெட் மனம் தாளாமல் போனார். அவர் இருக்கைக்குக் குறுக்கே சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. வாத்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது, 'கிராமத்துப் பெண்களின் கைவேலை' என்ற சீட்டோடு.

"இது ஈனிட் தெச்சது, டாஃப்னி. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் வில்ஃப்ரெட். ஆனா தனி ஆள் பேர் போட்டா மத்தவங்க மனசு கஷ்டப்படுமே."

"கொஞ்ச நேரம் எடுத்துக் குடு. மண்டி போட்டுட்டுத் தர்றேன்."

டாஃப்னி பதறிப்போனாள். "துணி நைஞ்சு போயிடுமே." சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது சும்மாவா. கொஞ்சம் யோசித்தாள், முகம் மலர்ந்தது. "ஒண்ணு பண்ணலாம். செயல்முறை விளக்கம்னு போட்டா எடுக்கலாம், விதியில இடமிருக்கு. 'அந்தக் காலத்து ஜெபம், நேரடியாக'. நீங்க பண்ணுவீங்களா?"

வில்ஃப்ரெட்டுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அப்புறம் அந்த வாத்தைப் பார்த்தார்.

"பண்றேன்," என்றார்.

அடுத்த ஞாயிறு ஆலயத்தில் நிற்க இடமில்லை. பிம் சகோதரிகள் கதவுக்குப் பக்கத்தில் நசுங்கிக்கொண்டிருந்தார்கள். நார்மன்கூடக் குடிக்கப் போகாமல் உள்ளேயே நின்றான். வேடிக்கை பார்க்க நம்பிக்கை தேவையில்லையே. டாஃப்னி வெள்ளைக் கையுறை போட்டு மெத்தையை எடுத்து வைத்தாள். வில்ஃப்ரெட் மண்டியிட்டார். பழைய பள்ளம் அவர் முழங்காலை அடையாளம் கண்டுகொண்டது. கூட்டம் மறந்துபோனது. ஈனிட் பக்கத்தில் இருந்தாள். கண்ணை மூடிப் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினார்.

இரண்டாவது வரியில் யாரோ முணுமுணுத்தார்கள். மூன்றாவதில் இன்னும் நாலு பேர். பள்ளிக்கூடத்தில் சொன்னது, நாக்கு மறக்கவில்லை. பாதி ஜெபத்தில் ஊரே சேர்ந்து சொன்னது. நார்மனின் கட்டைக் குரலும் அதில் கேட்டது. 'கலப்பை'யில் அவர் கெஞ்சிக் கேட்டது இதைத்தான். இதோ, வந்துவிட்டார்கள்.

"ஆமென்," என்றது கூட்டம்.

பிறகு கை தட்டினார்கள். ரொம்ப நேரம் தட்டினார்கள். நார்மன் விசில் அடித்தான். "அச்சு அசலா இருந்துச்சுடா," என்று கத்தினான்.

வில்ஃப்ரெட் எழுந்திருக்கவில்லை. மெத்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள டாஃப்னி கையுறையோடு பக்கத்தில் வந்து நின்றாள்.