ஜெனலின் நிறுத்திய ஜீப்னி

இருபது வருஷமாக ஜீப்னி ஓட்டுகிறேன், நீள ஜீப் மாதிரி இருக்கும் ஷேர் வண்டி. எவன் எங்கே இறங்குவான் என்று தலையைத் திருப்பாமலே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என்னிடம் வந்து, "உங்க பொண்ணுக்கு ஜீப்னியில போகக் கத்துக்கொடுக்கணும்" என்று ஒரு டீச்சர் சொன்னால் எனக்குக் கோபம் வருமா வராதா?

"அவ பொறந்ததுலேருந்து ஜீப்னியிலதான் போறா, டீச்சர்," என்றேன்.

"உங்க ஜீப்னியில போறா, உங்க பக்கத்து சீட்டுல," என்றார் கிளோரிபெல் டீச்சர். "எறங்கணும்னு அவ என்னிக்காவது கேட்டிருக்காளா?"

கேட்டதில்லை. கேட்க விட்டால்தானே. என் மகள் ஜெனலினுக்கு வயது பதினேழு. காது நன்றாகக் கேட்கும், பேச்சு வராது, எதையும் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் ஆகும். அவளுக்குத் தாகம் எடுக்கும் முன்னே தண்ணீரை நீட்டி வளர்த்தவன் நான். அவள் அம்மா ஹாங்காங்கில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். போனில் அவளும் டீச்சர் பக்கம் சேர்ந்துகொண்டு என்னைத் திட்டினாள்.

அவள் படிக்கும் சிறப்புப் பள்ளியில் பிள்ளைக்குப் பிள்ளை பாடம் வேறு. ஒருவனுக்குச் சட்டைப் பொத்தான் போடுவதே அந்த வருஷத்துப் பாடம். என் மகளுக்கு ஜீப்னியை நிறுத்துவது. எங்கள் செபு நகரத்தில் இறங்க வேண்டியவர் குரல் கொடுப்பார், இல்லையென்றால் தலைக்கு மேலே ஓடும் கம்பியில் காசால் தட்டுவார். டீச்சர் வகுப்பிலேயே ஒரு கம்பியைக் கட்டி, அவள் கையில் ஐந்து பெசோ காசைக் கொடுத்து, தானே டிரைவராக உட்கார்ந்து பழக்கினார்.

வகுப்பில் அழகாகத் தட்டினாள். ரோட்டில்தான் வம்பு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாய் சும்மா இருக்காது. அவள் கையைத் தூக்குவதற்குள் நாலு பேர், "நிறுத்துப்பா, பாப்பா எறங்கணும்" என்று கத்திவிடுவார்கள். "எல்லாரும் நல்லவங்க சாந்தோ அண்ணே, அதான் பிரச்சினையே," என்று டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

சந்தையைத் தாண்டி இருக்கும் பேக்கரியில் வேலை பழக ஓர் இடம் காலியாக இருந்தது. ஜெனலினுக்கு மாவு பிசைவது என்றால் உயிர். ஆனால் பேக்கரிக்காரம்மா கறார். "திங்கக்கிழமை தனியா வந்து சேர்ந்தா இடம் அவளுக்கு. யாராவது கொண்டாந்து விட்டா வேற பிள்ளைக்கு. தெனமும் அவ அப்பன் வண்டி எப்ப வரும்னு நான் காத்துக் கெடக்க முடியாது," என்று சொல்லிவிட்டார்.

திங்களன்று பள்ளி வாசலில் டீச்சர் அவளை என் கூட்டாளி டிரைவர் பெபோட்டின் ஜீப்னியில் ஏற்றிவிட்டார். "நீங்க பின்னாடி போகக் கூடாது," என்று என்னிடம் விரலை நீட்டினார். நான் எங்கே பின்னாடி போனேன்? அது என் வழித்தடமும்தான். பெபோட் முன்னால் போனான், நான் அவனுக்கு அடுத்துப் போனேன்.

ஜீப்னிக்குப் பின்கதவு கிடையாது. கடைசி சீட்டில் பையைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் கருவாடு விற்கும் பாசிங் அக்கா கூடையோடு உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த நிமிஷம் என் வண்டி முழுக்க முன்பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தது.

தேவாலய முனை வந்தது. எங்கள் வீடு அங்கேதான். பெபோட் யாரும் கேட்காமலே நிறுத்திவிட்டு, "எறங்கும்மா, வீடு வந்திருச்சு," என்று சத்தமாகச் சொன்னான். பக்கத்தில் இருந்த ஒரு தடியான ஆள் அவள் பையை வாங்கி உதவப் பார்த்தான். யார் என்ன சொன்னாலும் செய்கிற பிள்ளை அவள். இங்கே இறங்கினால் பேக்கரி போச்சு. இறங்கிடாதே கண்ணு, இறங்கிடாதே என்று முணுமுணுத்தேன்.

அவள் பையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினாள். பெபோட் தோளைக் குலுக்கிவிட்டு வண்டியை எடுத்தான்.

சந்தை வந்தது. என் வண்டியில் பாதிப் பேர் அங்கே இறங்க வேண்டியவர்கள். ஒருத்தர்கூட அசையவில்லை.

"அக்கா, உன் கடை தாண்டிப் போயிடுச்சே," என்றேன்.

"கருவாடு ஓடியா போயிடும்? ரோட்டைப் பாத்து ஓட்டு."

பேக்கரிப் பலகை தெரிந்ததும் ஜெனலின் கையைத் தூக்கிக் கம்பியில் தட்டினாள். பெபோட் ரேடியோவை அலற விட்டிருந்தான், பாவி. அவனுக்குக் கேட்கவில்லை. பேக்கரி பக்கத்தில் வந்துவிட்டது. நான் ஒரு ஹாரன் அடித்தால் அவன் நிறுத்திவிடுவான். என் கை தானாக ஹாரனுக்குப் போனது. பாசிங் அக்கா சுள்ளென்று ஓர் அடி போட்டாள்.

"கைய எடு. ஒன்ன யாரு கேட்டா?"

அங்கே அந்தத் தடியான ஆள் கத்துவதற்கு வாயைத் திறந்தான். என் மகள் இடது கையால் அவன் வாயைப் பொத்தினாள். பொத்திக்கொண்டே வலது கையால் தட்டினாள் பாருங்கள், கூரை பிய்ந்து விழுகிற மாதிரி. என் வண்டிக்குள் கேட்டது அந்தச் சத்தம். பெபோட் பதறிப்போய் பிரேக் போட்டான்.

அவள் இறங்கினாள். என் வண்டிக்குள் கூச்சல் காதைப் பிளந்தது. யாரோ என் முதுகில் குத்தினார்கள். எனக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. பேக்கரி கொஞ்சம் பின்னால் போய்விட்டதால் அவள் என்னைத் தாண்டித்தான் நடந்து வந்தாள். என்னைப் பார்த்தாள். முகத்தைச் சுளித்து, போ போ என்று கையை வீசினாள். பிறகு பேக்கரிக்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் பேக்கரி வாசலில் என் வண்டியைக் கைகாட்டி நிறுத்தியதும் அவள்தான். முடியெல்லாம் மாவு. என் பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டினேன். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். கைமாறிக் கைமாறி அவள் டிக்கெட் காசு என்னிடம் வந்தது.

"அப்பாகிட்ட எதுக்கும்மா காசு?" என்றேன். வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

தேவாலய முனை வந்ததும் என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. "எறங்கு கண்ணு."

அவள் இறங்கவில்லை. அது யாரோ ஒருவர் வீட்டுத் தெரு என்பது போல வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். காசு அவள் விரல்களுக்கு நடுவே தயாராக இருந்தது.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. வண்டியை எடுத்தேன்.

பத்தடிகூடப் போகவில்லை, கம்பியில் டக் டக் என்று கேட்டது. நிறுத்தினேன்.

அவள் நிதானமாக இறங்கி, பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள். பின்னால் இருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அடிக்கட்டும் என்று, அவள் எங்கள் சந்துக்குள் திரும்பும் வரை நின்றேன்.