முதல் கொழுந்துக்கு நீண்ட கை

வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையில் முத்துலிங்கம் பிளேன்டீ ஆற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தேயிலைத் தோட்டத்திலிருந்து அண்ணன் இருளப்பன்.

"தம்பி, அம்மாவக் கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். கொழுந்து வெட்டுற மிசின் கைய வெட்டிருச்சு."

"கையவா? முழுக் கையவா?"

"வெரலு. நீ வா."

கல்லாவிலிருந்த முதலாளி தில்லைநாதன் நிமிர்ந்தார். "என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?" விஷயம் கேட்டதும் கத்தினார்: "எடேய், ஓடு! அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் எடுத்துக்கொண்டு போ. வழியில உன்னைப் பிடிச்சாங்களெண்டால் நான் உன்னை எடுக்க வாறதோ, கொம்மாவைப் பாக்கப் போறதோ?"

பம்பலப்பிட்டியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்து எல்லாரையும் சோதனைக்கு இறக்கினார்கள். வரிசையில் நின்றவன் பயந்தான். ஆமிக்காரனுக்கு அல்ல. கொழுந்தெடுக்க முடியாதவளின் பேரைத் தோட்டத்துச் சம்பளப் பட்டியலிலிருந்து வெட்டிவிடுவார்கள். பேர் போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். அம்மா எங்கே இருப்பாள்?

வார்டு வாசலில் இருளப்பன் குந்தியிருந்தான். சட்டையெல்லாம் காய்ந்த ரத்தம்.

"இன்னைக்குத்தான் மிசின் மொதமொத மலைக்கு எறங்குச்சு. ஒரு பக்கப் பிடி நா, மறுபக்கம் இராமரு. எஞ்சின முடுக்கிட்டோம். பொம்பளைக எப்பவும்போல 'பொலியோ பொலி'ன்னு சாமிக்குச் சத்தம் போட்டுருக்காளுக. எரைச்சல்ல எங்களுக்கு எங்க கேக்குது? பொலி சொன்னா மொதக் கொழுந்தக் கையால கிள்ளிக் கூடையில போடணுமில்ல... அம்மா குனிஞ்சு நீட்டிருச்சு."

"நீ பாக்கலயா?"

"கத்திக்கு முன்னால எவ கைய நீட்டுவான்னு நெனச்சேன்!"

உள்ளே அம்மா பழனியம்மா கட்டுப் போட்ட வலக்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு விழித்தபடி கிடந்தாள்.

"அண்ணன ஏசுனியா?"

"இல்லம்மா."

"ஏசாத. கையக் கொண்டுபோனது நானு. ரெண்டு வெரலு போச்சு."

அவனுக்குக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டுவிட்டான். "இனி எப்புடிம்மா கொழுந்தெடுப்ப?"

"எடுக்க ஏலாது." அழுகையில்லை. வழியெல்லாம் இதையே யோசித்து வந்தவள்போல் பேசினாள். "இராமரு பயந்துட்டான். மிசின் பக்கமே இனி வரமாட்டானாம். புடிக்க வேற ஆம்பளப் பய தோட்டத்துல ஏது? எல்லாப் பயலும் ஒன்னயப் போல கொழும்புக்கு வந்துட்டீக. அந்தப் பக்கத்துப் பிடிய நா புடிக்கிறேன்னு அண்ணனத் தோட்டத்துத் தொரகிட்டச் சொல்லச் சொல்லு. பேர வெட்டாம இருப்பாரு. கிள்ளுறதுக்குத்தான்டா வெரலு வேணும். பிடிய அமுக்க உள்ளங்கை போதும்."

முத்துலிங்கம் திரும்பி வாசலிலிருந்த அண்ணனைப் பார்த்தான். இனி அவளுக்கு எதிரே நின்று அதே எஞ்சினை முடுக்க வேண்டியவன், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தான்.