கண்ணைக் கட்டிக்கொண்டு ஒட்டுக் கட்டுவது

செங்கமலத்துக்கு அந்த சர்ட்டிபிகேட் கிடைக்காவிட்டால் கன்றுத் தோட்டம் போய்விடும், கொல்லை முழுக்கக் கடலைதான். புருஷன் ரெங்கசாமி இதை மூன்று தடவை சொல்லிவிட்டான். மூன்றாவது தடவை சொன்னபோது விதைக்கடலையை உரித்துக்கொண்டே சொன்னான்.

அவன் மேலும் குற்றமில்லை. திருவரங்குளத்தில் அவள் தோட்டத்தில் முன்னூறு ஒட்டு மாங்கன்று சட்டியில் நின்றது. வாங்க ஆளில்லை. அது 1961. ஆடியில் வரும் மரம் நடு விழாவுக்குச் சர்க்கார் கன்று எடுக்கப் போகிறது, ஆனால் மூன்று நாள் வகுப்புக்கு வந்து சர்ட்டிபிகேட் வாங்கினவர்களிடம்தான் எடுக்கும் என்று கார்டு வந்திருந்தது. ஆனியில் வகுப்பு. கிடைத்தால் கன்று, இல்லாவிட்டால் கடலை என்று வீட்டில் முடிவாயிற்று.

வகுப்பு, ஆலங்குடி ரோட்டில் ஒரு மாந்தோப்பில் நடந்தது. வந்தது நாலே பேர். குளத்தூர் ஆண்டியப்பன், ஐம்பத்தைந்து வயது, முழங்கால் வலிக்காரர். ஆவூர் மைக்கேல்சாமி, நல்ல தாட்டியான உடம்பு, கோயில் மணி மாதிரிக் குரல். அறந்தாங்கிப் பக்கத்து அழகுமலை, வாயை மூட மாட்டான். நாலாவது செங்கமலம். நாலு பேருக்கும் ஒருவர் பேர் மற்றவருக்குத் தெரியும். ஒருவர் கன்றை மற்றவர் சந்தையில் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனதும் உண்டு. பேசினது மட்டும் இல்லை.

பாடம் எடுக்க வந்தவர் நாகராசு. கோயமுத்தூரில் படித்துவிட்டு அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த சின்னப் பையன். ஒரே தொழிலில் இருக்கிறவர்கள் ஒருத்தருக்கொருத்தர் பழக வேண்டும், அதுதான் பாதிப் படிப்பு என்றார். ஆகையால் ஆளுக்கொரு தொழில் ரகசியத்தைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டார்.

ஒட்டுக் கட்டுகிறவர்களிடம் போய்க் கேட்கிற கேள்வியா அது? தாய்மரத்துக் கிளையைச் சட்டிக் கன்றோடு சேர்க்கக் கத்தி வைக்கும்போது முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிற ஜாதி அவர்கள். யாராவது பக்கத்தில் வந்தால் துண்டு தவறி விழுந்த மாதிரி வேலையை மூடிவிடுவார்கள். சம்பந்தி வந்தாலும் மூடுவார்கள். இப்போது சொல்லமாட்டேன் என்றால் சர்ட்டிபிகேட் போய்விடும். சொன்னாலோ தொழிலே போய்விடும்.

ஆண்டியப்பன்தான் முதலில் வழி கண்டுபிடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தாய்மரம் பெண்பிள்ளை மாதிரி கூச்சப்படும், அறுக்கிறவன் பார்க்கக் கூடாது, ஆகவே தங்கள் குடும்பத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் ஒட்டுக் கட்டுவது என்றார்.

நாகராசு எழுதிக்கொண்டார். துணி ஈரமா, காய்ந்ததா என்று கேட்டார். ஆண்டியப்பன் யோசித்து, ஈரம் என்றார்.

மற்ற மூன்று பேருக்கும் வழி தெரிந்துவிட்டது. செங்கமலம், முடிச்சுப் போடும் வரைக்கும் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும் என்றாள். இடது காலா, வலது காலா என்று நாகராசு கேட்க, பொம்பளைக்கு இடது, ஆம்பளைக்கு வலது என்று கூசாமல் சொன்னாள். மைக்கேல்சாமி வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு, கட்டி முடிகிற வரைக்கும் விழுங்காமல் இருக்க வேண்டும் என்றார். அழகுமலை, கன்று பயப்படாமல் இருக்கத் தாலாட்டுப் பாட வேண்டும் என்றான். நாகராசுவுக்கு முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றார். அது வாஸ்தவம்.

இரண்டாம் நாள் மத்தியானம் தலையில் இடி விழுந்தது. நாளைக்குத் திருச்சியிலிருந்து பெரிய ஆபீசர் வருகிறார், அவர் முன்னால் ஆளுக்கொரு ஒட்டுக் கட்டிக் காட்ட வேண்டும், ஒட்டு சுத்தமாக இருந்தால்தான் அவர் கையெழுத்துப் போடுவார் என்றார் நாகராசு. தன் முறையைத் தானே செய்து காட்டுவதில் படிப்பு ஒன்றும் இல்லை, அடுத்தவர் முறையைச் செய்ய வேண்டும் என்று சொல்லி, நாலு சீட்டை எழுதிக் குலுக்கினார்.

செங்கமலத்துக்குக் கண்கட்டு வந்தது. ஆண்டியப்பனுக்கு ஒற்றைக் கால். மைக்கேல்சாமிக்குத் தாலாட்டு. வாயை மூடாத அழகுமலைக்கு வாய் நிறையத் தண்ணீர்.

சாயங்காலம் நாலு பேரும் ரோட்டோர டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு கத்தி பிடித்தால் ஒட்டு கோணிப்போகும், விரலும் போகும், அப்புறம் கடலைதான் என்று செங்கமலம் கணக்குப் போட்டாள்.

"அண்ணே, நெசமாவே கண்ணக் கட்டிக்கிட்டுத்தான் செய்வீகளா?" என்று கேட்டாள்.

ஆண்டியப்பன் டீயைப் பார்த்தார். "நீ நெசமாவே ஒத்தக் கால்லயா நிப்ப?"

"நான் எதுக்கு நிக்கப் போறேன்."

"நானும் அப்படித்தான் ஆத்தா."

அதற்குப் பிறகு பேரம் நடந்தது. நீங்கள் நிஜத்தைச் சொன்னால் நானும் சொல்கிறேன் என்று அவள் சொல்ல, பெண்பிள்ளை முதலில் சொல்லட்டும் என்று அவர் சொல்ல, கடைசியில் நாலு பேரும் ஒரே நேரத்தில் சொல்லிவிடுவது என்று மைக்கேல்சாமி தீர்ப்புச் சொன்னார். அதில் ஒருவர் சொல்வது ஒருவர் காதில் விழவில்லை. மறுபடியும் வரிசையாகச் சொன்னார்கள்.

கன்றும் கிளையும் ஒரே பருமனாகப் பார்த்து எடுப்பது. இரண்டிலும் நாலு விரல் நீளத்துக்குப் பட்டையோடு சீவுவது. சீவின முகத்தைக் காற்றுப் படாமல் சேர்ப்பது. ஈர வாழைநாரால் கீழிருந்து மேலே சுற்றுவது. மேலே சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசுவது. ஆண்டியப்பன் இதைச் சொல்லி முடித்தபோது செங்கமலத்தின் வாய் திறந்தபடி இருந்தது. அவள் மாமனார் அவளுக்கு மட்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் அதுதான். அழகுமலைக்கும் அதுதான். மைக்கேல்சாமி மட்டும் செம்மண்ணுக்குப் பதில் கரையான் புற்று மண் என்றார். ஆண்டியப்பன் கொஞ்சம் யோசித்துவிட்டு, நானும் புற்று மண்தான், சும்மா மாற்றிச் சொன்னேன் என்றார்.

சந்தோஷப்பட வேண்டிய இடம். ஆனால் சண்டை வந்துவிட்டது. என் பாட்டன் கண்டுபிடித்ததை உன் பாட்டன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறான் என்று ஆண்டியப்பன் அழகுமலையைப் பார்த்துச் சொல்ல, குளத்தூர் வேலியை எட்டிப் பார்க்க அறந்தாங்கியிலிருந்து யார் வருவார் என்று அவன் கேட்டான். டீக்கடைக்காரர் க்ளாஸ்களை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும், நாளைக்கி என்ன செய்யிறது?" என்றாள் செங்கமலம். "பொய் சொன்னோம்னு சொன்னா நாலு பேருக்கும் கெடைக்காது."

பொய்யைக் கொஞ்சம் வளைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. கண்கட்டுக்கு, ஊடே கண் தெரிகிற மெல்லிய மல் துணி போதும் என்று ஆண்டியப்பன் தன் குடும்ப வழக்கத்தைத் தளர்த்தினார். முழங்கால் வலிக்காரர் மரத்தில் சாய்ந்துகொள்ளலாம் என்று செங்கமலம் தன் வழக்கத்தைத் தளர்த்தினாள்.

மறுநாள் பெரிய ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். தோப்புக்குள் நாலு அடி வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு பெண்பிள்ளை கண்ணில் ஈரத் துணியோடு கத்தியை வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரியவர் மரத்தில் சாய்ந்து கொக்கு மாதிரி நின்றார். ஒருவன் கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி நார் சுற்றினான். மைக்கேல்சாமி ஆராரோ பாடின பாட்டில் கிளையிலிருந்த காக்கையெல்லாம் எழும்பிப் போய்விட்டது.

நாகராசு நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக விளக்கினார். பெரிய ஆபீசர் நாலு ஒட்டையும் கிட்டப் போய்த் தடவிப் பார்த்தார். நாலும் ஒரே மாதிரி இருந்தது. நாரின் சுற்றுக்கூட ஒரே கணக்கு.

"இது யாருடைய முறை?" என்று கேட்டார்.

அழகுமலை பொறுக்க முடியாமல் தண்ணீரை விழுங்கிவிட்டு, தன் பாட்டனுடையது என்றான். ஆண்டியப்பன் காலைக் கீழே ஊன்றி, தன் பாட்டனுடையது என்றார். மைக்கேல்சாமியும் பாட்டை நிறுத்திவிட்டுத் தன் பாட்டனை இழுத்தார்.

"மொத்தம் எத்தனை பாட்டன்?" என்றார் ஆபீசர். குரலில் சிரிப்பு இல்லை. நாகராசுவின் முகம் வெளுத்துப்போயிற்று.

இனி மூடி மறைத்தாலும் போகும், சொன்னாலும் போகும் என்று செங்கமலத்துக்குப் பட்டது. கண்கட்டை அவிழ்த்தாள்.

"ஐயா, நாங்க பொய் சொன்னோம். கண்ணக் கட்டுறதும் கெடையாது, கால மடக்குறதும் கெடையாது. தொழில ஒருத்தருக்கொருத்தர் சொல்லப்படாதுன்னு ஆளுக்கொண்ண கட்டி விட்டோம். நேத்துச் சாயங்காலம் டீக்கடையிலதான் நெசத்தச் சொல்லிக்கிட்டோம்."

"அப்ப இந்த வகுப்புக்கு வந்து என்னதான் கத்துக்கிட்டீங்க?"

"எங்களுக்குத் தெரிஞ்சதுக்கு மேல மத்தவுகளுக்கும் ஒண்ணும் தெரியாதுன்னு கத்துக்கிட்டோம்யா. இது தெரியாம நாலு குடும்பமும் முதுகக் காட்டிக்கிட்டே நின்னுருக்கோம்."

ஆபீசர் நாகராசுவைப் பார்த்து, நீர் என்ன சொல்லிக்கொடுத்தீர் என்று கேட்டார். நாகராசு நோட்டைப் புரட்டினார். அதில் ஈரத் துணியும் வலது காலும்தான் இருந்தது.

"பழகணும்னு சொன்னது சார்தான்," என்றாள் செங்கமலம். "அவுக சொல்லாட்டி நாங்க ஒரு பெஞ்சியில ஒக்காந்துருக்க மாட்டோம்."

ஆபீசர் அவளை இன்னொரு ஒட்டு கட்டச் சொன்னார், வேடிக்கை எதுவும் இல்லாமல். அவள் கத்தியை எடுத்ததும் பழக்கத்தில் முதுகைத் திருப்பினாள். இந்தப் பக்கம் பார்த்துக் கட்டம்மா என்றார் அவர். அவள் பாதி திரும்பினாள், பிறகு முழுக்கத் திரும்பினாள். கட்டினாள். கட்டி முடிக்கும் வரை ஆண்டியப்பன் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நாலு பேருக்கும் கையெழுத்தாயிற்று. விழாவுக்கு ஆயிரம் கன்று வேண்டும், தனித்தனியாக யாராலும் முடியாது, நாலு பேரும் சேர்ந்து ஒரே லாரியில் அனுப்புங்கள் என்று ஆபீசர் உத்தரவு போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் ரோட்டில் திரும்பின பிறகு அவர் சிரித்த சத்தம் தோப்பு வரைக்கும் கேட்டது.

செங்கமலம் வீட்டுக்கு வந்து சர்ட்டிபிகேட்டை ரெங்கசாமியிடம் நீட்டினாள். அவன் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். உரித்து வைத்திருந்த விதைக்கடலை, முறத்தில் குவியலாகக் கிடந்தது.

"அப்ப இந்தக் கடலைய என்ன பண்றது?" என்றான்.

"வறுத்து வைங்க. நாளைக்கிக் கன்னு ஏத்த மூணு பேரு வாராக."