ஏட்டு ஜெபக்குமாருக்கு ஒரு கல்

ராஜபாளையத்தில் ஸ்டேஷன் வாசலில் பந்தல் போட்டு, ஏட்டு ஜெபக்குமாரின் பெயர் பொறித்த கல்லைத் திரை போட்டு மூடி வைத்திருந்தார்கள். காவலர் வீரவணக்க நாள். திரையை விலக்க வேண்டியவள் அவர் மனைவி ஞானபாக்கியம். மம்சாபுரத்துக்கு ஜீப் அனுப்பி அவளை அழைத்து வந்து, குஷன் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு கொடுக்க மூக்கால் அழுத கூட்டம், இப்போது உபசாரத்தில் ஒரு குறை வைக்கவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எட்டு மாதத்துக்கு முன் மம்சாபுரம் ரோடு பிரியும் விலக்கில் வாகன சோதனை. திருட்டு மண் ஏற்றிவந்த லாரியை ஜெபக்குமார் கைகாட்டி நிறுத்தினார். லாரி அவர் மேலேயே ஏறிப் போனது. ஊரறிந்த சங்கதி. ஆனால் போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீல் அப்துல் ரவூப் வாங்கிக் கொடுத்த குற்றப்பத்திரிகையில் வேறு கதை இருந்தது. ஏட்டு செல்போனில் பேசிக்கொண்டே சாலையைக் கடந்தாராம். டிரைவர் கவனிக்காமல் இடித்துவிட்டாராம். கொலை, விபத்தாகியிருந்தது. கீழே இன்ஸ்பெக்டர் சுயம்புலிங்கத்தின் கையெழுத்து.

"இப்படியே போனா டிரைவர் சீக்கிரமே வெளிய வந்துருவான். லாரி முதலாளி பேரு வரவே வராது. கொலைன்னு மாத்தணும்னா, பார்த்த சாட்சி ஒருத்தராவது வேணும்மா" என்றார் ரவூப். பார்த்தவர்கள் எல்லாரும் காக்கி உடுப்புக்காரர்கள். எட்டு மாதமாக ஒருவரும் வாய் திறக்கவில்லை.

காலையில் ஜீப்பை விட்டு இறங்கியதுமே இன்ஸ்பெக்டரிடம் கேட்டுவிட்டாள்.

"போன் பேசிட்டே ரோட்டைக் கடந்தவருக்கு எதுக்கு சார் கல்லு?"

"கோர்ட்டு வேற, இது வேறம்மா. மரியாதை செய்யுதோம்லா, வாங்கிட்டுப் பேசாம இருங்க."

சுயம்புலிங்கத்துக்கு மைக் கிடைத்துவிட்டால் தலைகால் புரியாது. கூட்டம் ஒருதரம் கைதட்டியதும் ஆள் பேச்சில் எங்கேயோ போய்விட்டார்.

"ஜெபக்குமார் நடுரோட்டில் நின்று கைகாட்டுகிறார். டிரைவர் பார்க்கிறான். பார்த்துக்கொண்டே ஸ்டியரிங்கை அவர் பக்கம் ஒடிக்கிறான். பத்தடி தூரத்தில் நின்று என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஓர் அடிகூட அவர் பின்வாங்கவில்லை."

கைதட்டல் அடங்குவதற்குள் ஞானபாக்கியம் எழுந்து போனாள். திரையை விலக்கத்தான் வருகிறாள் என்று வழிவிட்டார்கள். அவள் மைக்கைப் பிடித்தாள்.

"பத்தடியில நின்னு பார்த்தேன்னு இன்ஸ்பெக்டர் சொன்னாவ. எல்லாரும் கேட்டியள்லா? இதையே கோர்ட்டுல வந்து சொல்லுவியளா சார்?"

இன்ஸ்பெக்டர் ரைட்டர் சந்தனத்துக்குக் கண்ணைக் காட்டினார். மைக் அணைந்தது. "இப்போது மறைந்த ஏட்டுக்கு இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி" என்று இன்ஸ்பெக்டரே தொண்டை கிழியக் கத்தினார்.

கூட்டம் எழுந்து தலை குனிந்தது. காக்கிகள் விறைத்து நின்றன. என்ன மூளை பாருங்கள். புருஷனுக்கு மரியாதை என்று சொல்லியே பெண்டாட்டி வாயைக் கட்டிவிட்டார்.

ஆத்திரத்தில் அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. பிறகுதான் உறைத்தது. அவளை நிறுத்த வேண்டுமென்றால் இவர்களில் யாராவது வாயைத் திறந்தாக வேண்டும்.

மைக் இல்லாமலே ஆரம்பித்தாள். ராத்திரி பகலாகப் படித்துப் படித்துக் குற்றப்பத்திரிகை அவளுக்கு மனப்பாடம்.

"ஏட்டு ஜெபக்குமார் செல்போனில் பேசியபடி சாலையைக் கடக்க முயன்றபோது..."

அந்த அமைதியில் அவள் குரல் எதிர்ச்சாரி டீக்கடைவரை கேட்டது. டீ மாஸ்டர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். "ஆய்வாளராகிய நான் அச்சமயம் காவல் நிலையத்தில் இருந்தேன்" என்ற வரியை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். இன்ஸ்பெக்டரின் கழுத்து வேர்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"முதல் சாட்சி, எழுத்தர் சந்தனம். நான் எதையும் பார்க்கவில்லை. ரெண்டாம் சாட்சி, காவலர் வினோத். நான் எதையும் பார்க்கவில்லை."

வினோத் முதல் வரிசையில்தான் நின்றான். அவனிடம் போய், முகத்துக்கு நேரே நின்று இன்னொரு தரம் சொன்னாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

இரண்டு நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. முடிந்தது என்று சொல்ல வேண்டியவர் இன்ஸ்பெக்டர். சொன்னால் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாக வேண்டும். அவர் சொல்லவில்லை.