நம்பர் குத்திய போல்ட்டுகள்

பல் டாக்டரின் சட்டைக் காலர் கிழிந்த சத்தம் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. கிழித்தவன் செத்தவனின் மச்சினன். பெண்டாட்டியின் அண்ணன், பேருந்து ஓட்டுகிறவன், ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து முறுக்கேறிய கை. அடுத்த அறையில் பெட்டி இன்னும் மூடப்படவில்லை.

"கொன்னதும் இல்லாம பூ வேற தூக்கிட்டு வந்துட்டியா? உன்ன யாருடா உள்ள விட்டது?"

டாக்டர் கையை ஓங்கவில்லை, தடுக்கவும் இல்லை. அடி உதட்டில் விழுந்தது. வெள்ளைப் பூக்கள் தரையில் சிதறின.

வெல்டிங் பட்டறைக்காரன் எழுந்து விலக்கியிருக்கலாம். செத்தவனோடு கூடப்பிறந்த அண்ணன் அவன் ஒருவன்தான். அவன் ஒரு அதட்டல் போட்டால் அந்த வீட்டில் அடங்காதவர் கிடையாது. ஆனால் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். வாங்கட்டும் என்றுதான் இருந்தது அவனுக்கு. யாராவது ஒருத்தன் வாங்கியாக வேண்டுமே.

நடந்தது இதுதான். நேற்று முன்தினம் தம்பியும் டாக்டரும் இரண்டு ஜீப்புகளில் ஆற்று மணலுக்குப் போயிருந்தார்கள். டாக்டருக்கு மணலில் ஓட்டத் தெரியாது, ஆனால் ஆசைக்குக் குறைவில்லை. வழக்கம்போல அவர் வண்டி அச்சு வரை புதைந்தது. "நீங்க என் வண்டில ஏறி இழுங்க டாக்டர், உங்க வண்டிய நான் பாத்துக்கறேன்" என்று தம்பி புதைந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தான். தம்பியின் ஜீப்புக்குப் பின்னால் இருந்த இழுவைக் கொக்கியில் கனத்த நைலான் பட்டையை மாட்டி, மறுமுனையைப் புதைந்த வண்டியில் கட்டி டாக்டர் இழுத்தார். அசையவில்லை. பின்னால் வந்து, வேகமெடுத்து, வெடுக்கென்று இழுத்தார். கொக்கியை ஜீப்பின் அடிச்சட்டத்தோடு பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளும் அறுந்தன. பத்துக் கிலோ இரும்பு பட்டையோடு பறந்து போய்த் தம்பி உட்கார்ந்திருந்த வண்டியின் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது.

அந்தக் கொக்கியைச் செய்தவன் பட்டறைக்காரன். சின்ன டிரெய்லர் ஒன்றை இழுப்பதற்காகத் தம்பி கேட்டான், செய்து கொடுத்தான். அந்த வண்டிக்கு அப்படியொரு கொக்கி மாட்ட அனுமதி கிடையாது என்று இருவருக்குமே தெரியும். அதனால் ஆண்டுதோறும் வண்டிப் பரிசோதனைக்கு முதல் நாள் பட்டறைக்கு வந்து கழற்றுவார்கள், சான்றிதழ் கைக்கு வந்ததும் திரும்ப மாட்டுவார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட வண்டி என்று தம்பி கேலி செய்வான்.

இந்த வருஷம் கழற்றிப் பார்த்தபோது கொக்கியின் கழுத்து கோணியிருந்தது. புதைந்த வண்டிகளை இழுத்திருக்கிறான் என்று பார்த்தவுடன் தெரிந்தது. "டிரெய்லருக்குத்தானேடா செஞ்சேன்? யானையக் கட்டி இழுக்கவா?" என்று அண்ணன் கத்த, தம்பி சும்மா இருந்திருக்கலாம். "உன் ஒட்டு வேலை கோணாம என்ன செய்யும்?" என்றுவிட்டான். அதுவும் இரண்டு வாடிக்கையாளர்கள் முன்னால்.

அண்ணன் கழுத்தைச் சூடாக்கி நிமிர்த்தினான், புதிதாகப் பற்றவைத்தான், சாயம்கூடப் பூசினான். பரிசோதனை முடிந்ததும் கொக்கியை மட்டும் தூக்கித் தம்பியின் ஜீப்பில் போட்டான். போல்ட்டுகளைக் கொடுக்கவில்லை. "போல்ட் வேணும்னா என் முன்னாடி வந்து நின்னு கேளு." பட்டறையின் இன்னொரு சாவி தம்பியிடம் இருந்ததால் அண்ணன் அந்த நான்கையும் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். ஆபத்தான வேலைக்குப் போகாமல் தடுக்கத்தான் என்று தன் பெண்டாட்டியிடம் சொன்னான். பொய். வெறும் வீம்பு. தம்பி வந்து கெஞ்ச வேண்டும், அவ்வளவுதான். இன்று காலை நல்ல கால்சட்டைக்கு மாறியபோதும் அந்தப் பொட்டலத்தை ஏன் எடுத்துப் போட்டுக்கொண்டான் என்று அவனுக்கே தெரியாது.

வாசலில் காவல்துறை அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். மச்சினன் டாக்டரை விட்டான்.

"அடக்கம் முடியட்டும்னுதான் இருந்தேன். சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது" என்றார் அதிகாரி. மேசையருகே உட்கார்ந்து நோட்டை விரித்தார். "டாக்டர், முடிஞ்சதும் நீங்க என்கூட வரணும். கண்ணுமண்ணு தெரியாம இழுத்து ஆள் செத்திருக்கு. உள்ள போக வேண்டி வரும், சொல்லிட்டேன்."

"வரேன் சார்" என்றார் டாக்டர். உதட்டு ரத்தத்தைத் துடைக்கக்கூட இல்லை. "நான்தான் மிதிச்சேன்."

"நல்லா எழுதிக்குங்க சார்" என்றான் மச்சினன். "அவன் வாயாலயே சொல்றான்."

செத்தவனின் மனைவி அறை வாசலில் வந்து நின்றாள். பள்ளியில் கணக்கு நடத்துகிறவள். இரண்டு நாளாக அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை, அதற்கும் ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"இந்தக் கொக்கியே சட்டப்படி தப்பு. யார் செஞ்சது?" என்றார் அதிகாரி.

"நான்" என்றான் பட்டறைக்காரன். "டிரெய்லருக்குச் செஞ்சது. வண்டி இழுக்க இல்ல. தலையால அடிச்சுக்கிட்டேன்."

"தப்புதான் மச்சான், ஆனா உங்கள யார் குத்தம் சொல்றா?" என்று மச்சினன் பரிந்துகொண்டு வந்தான். "இந்தப் பல்லு பிடுங்கி வெடுக்குனு இழுக்காம இருந்தா என் தங்கச்சிக்கு இந்த கதி வந்திருக்குமா?"

அதிகாரி கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். நான்கு அறுந்த போல்ட்டுகள். "இதுவும் உங்க வேலையா? மெழுகு மாதிரி அறுந்திருக்கு."

பட்டறைக்காரன் குனிந்து பார்த்தான். தலையில் எண் எதுவும் இல்லாத, கேட் தாழ்ப்பாளுக்குப் பூட்டுகிற சாதா போல்ட்டுகள். அவனுக்குச் சுருக்கென்றது.

"இது என்னுது இல்ல!" என்றான். குரல் உயர்ந்துவிட்டது. "இருபத்தெட்டு வருஷமா பட்டறை வச்சிருக்கேன் சார். இந்தக் குப்பைய நான் தொடக்கூட மாட்டேன். என் போல்ட்டுல எவ்வளவு தாங்கும்னு தலையிலயே நம்பர் குத்தியிருக்கும். அது இருந்திருந்தா அவரு எப்படி இழுத்தாலும்..."

அங்கே நிறுத்தினான். கொஞ்சம் தாமதமாக நிறுத்தினான்.

அதிகாரி நிமிர்ந்தார். "அப்ப உங்க போல்ட் எங்க?"

பழைய மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றியது. தொலைந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். டாக்டர் தலைகுனிந்து நின்றிருந்தார். கிழிந்த காலர் தோளில் தொங்கியது. கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போகிற ஆள்.

பட்டறைக்காரன் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். நான்கு போல்ட்டுகளையும் மேசை மேல் ஒவ்வொன்றாகத் தலைகீழாக நிறுத்தினான்.

"நான் குடுக்கல சார்" என்றான். "வந்து கேக்கட்டும்னு வச்சிருந்தேன்."

"கேக்கத்தான் வந்தாரு, பெரியத்தான்" என்றாள் அறை வாசலில் நின்ற தம்பி மனைவி.

"அம்மா, நீ உள்ள போ" என்றான் பட்டறைக்காரன்.

"போகல. முந்தாநாள் காலைல உங்க பட்டறைக்கு வந்தாரா இல்லையா?"

வந்தான். கதவடியில் தம்பியின் சேறு அப்பிய பூட்ஸைப் பார்த்ததுமே பட்டறைக்காரன் முகமூடியை இறக்கிக்கொண்டு தீப்பொறியைக் கிளப்பினான். இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று நினைத்தான். நிமிர்ந்தபோது கதவடியில் யாரும் இல்லை.

"வேலையா இருந்தேன்" என்றான்.

"வெறும் தகட்டுல கோடு கோடா போட்டுட்டு இருந்தீங்களாம். ஒட்டறதுக்கு ஒண்ணுமே இல்லையாம். 'அண்ணனுக்கு இன்னும் ஆறல, இன்னிக்குக் கடை போல்ட்டப் போட்டு ஓட்டிக்கறேன், சாயந்தரம் போய்க் கால்ல விழுந்தாவது வாங்கிட்டு வரேன்'னு சொன்னாரு." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. உங்க கோவத்த நெனச்சு சிரிச்சாரு."

பட்டறைக்காரன் எண்ணெய்க் காகிதத்தை மடித்தான், மறுபடி பிரித்தான்.

அதிகாரி போல்ட்டுகளை ஒரு உறையில் போட்டார். "இது ரெண்டு பேர் கதை இல்ல, மூணு பேர் கதை" என்று தனக்குள் சொன்னபடி எழுதினார். "சாயந்தரம் நீங்களும் வந்துடுங்க."

பெட்டியை மூடினார்கள். தூக்க ஆறு பேர் வேண்டும். தலைமாட்டில் வலது பக்கம் தன்னுடையது என்று பட்டறைக்காரன் போய்க் கைப்பிடியைப் பிடித்தான். மச்சினன் அவன் விரல்களைப் பார்த்தான். எண்ணெய் பளபளத்தது.

"நீங்க தள்ளிக்குங்க மச்சான்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் இவனும் சண்டைக்கு நின்றிருப்பான். மச்சினன் சுவரோரம் நின்றவரை நோக்கித் தலையசைத்தான், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. "டாக்டர், இங்க பிடிங்க."

டாக்டர் வந்து பிடித்தார். பெட்டி எழும்பி, வாசல்படியில் ஒரு முறை சாய்ந்து, வெளியே போனது. எல்லோரும் பின்னால் போனார்கள். வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

கூடத்தில் பட்டறைக்காரன் மட்டும் நின்றான். மேசையின் வெள்ளை விரிப்பில், போல்ட்டுகள் நின்ற இடத்தில், நான்கு எண்ணெய் வட்டங்கள். கைக்குட்டையை எடுத்துத் துடைத்தான். அவை பரவி இன்னும் பெரிதாயின. மறுபடி துடைத்தான்.